பிளாஸ்டிக் பூ

முப்பத்திரண்டு வருடங்கள் ஆசிரியனாக இருந்தவன் நான். அந்தக் காலத்தில் எத்தனை பிழைகளைப் படிப்பித்துவிட்டு வந்திருப்பேன் என்று இப்போது கணக்கெடுக்க முடியாது. ஒன்றுக்கு மட்டும் ஆண்டும் வகுப்பும் ஆளும் ஞாபகத்தில் இருக்கின்றன. அது பிழை என்று எனக்கு விளங்குவதற்கு முப்பத்தைந்து வருடங்கள் எடுத்தன.

1989ஆம் ஆண்டு. கல்முனைப் பக்கத்தில் ஒரு பாடசாலை. ஆண்டு ஒன்பது. பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துவிட்டு வந்த எனக்குச் சமூகக்கல்விப் பாடம் தந்திருந்தார்கள். அன்று துந்திராப் பிரதேசம். கரும்பலகையில் நான் எழுதிய குறிப்பு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. நீண்ட குளிர்காலம், குறுகிய கோடை, நிரந்தர உறைநிலம், தாவரம்: பாசி, இலைக்கன், குறுஞ்செடிகள். எழுதி முடித்து வெண்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டு திரும்பியவன், "அங்க மரமும் இல்ல, பூவும் இல்ல" என்று ஒரு வசனத்தை நானாகச் சேர்த்தேன். புத்தகத்தில் இல்லாத வசனம். பரீட்சைக்கும் தேவைப்படாத வசனம்.

பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பினான். அவ்வளவாக வாய் திறக்காதவன்.

"சேர், பூ இரிக்கி சேர். மாமா அனுப்பின படத்தில இரிக்கி."

அவனுடைய மாமா கப்பலில் வேலை செய்தவர். அவர் அனுப்பிய ஒரு படத் தபாலட்டை அவனுடைய கொப்பிக்குள் இருந்தது. கொண்டுவந்து நீட்டினான். பின்னால் வெள்ளையாக ஒரு மலை, முன்னால் கற்களுக்கிடையில் மஞ்சள் மஞ்சளாக ஏதோ. நான் அதைச் சரியாகப் பார்க்கவேயில்லை. வகுப்பைப் பார்த்துச் சொன்னேன்:

"உன்ட மாமா பிளாஸ்டிக் பூவைக் கொண்டுபோய் ஊண்டிப்போட்டுப் படம் எடுத்திருப்பார்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். புதிதாக வந்த ஆசிரியனுக்கு வகுப்பு சிரிப்பது எவ்வளவு பெரிய விடயம் என்று ஆசிரியத் தொழில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பையன் தபாலட்டையை வாங்கிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போய் இருந்தான். அடுத்த கிழமையே அவனுக்குப் 'பிளாஸ்டிக் பூ' என்று பட்டம் விழுந்திருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஒன்றும் செய்யவில்லை. பிள்ளைகள் பட்டம் வைப்பதும் மறப்பதும் சகஜம் என்று இருந்துவிட்டேன்.

*

என் மகள் நோர்வேயின் வடக்கில் ட்ரொம்சோ நகரில் வேலை செய்கிறாள். நான் ஓய்வுபெற்ற பிறகு, "வாப்பா, ஒருக்கா வந்து நில்லுங்க" என்று வருடா வருடம் கூப்பிடுவாள். 2024ஆம் ஆண்டு ஜூலையில்தான் போக முடிந்தது. ட்ரொம்சோ வடதுருவ வட்டத்துக்கு வடக்கே இருக்கிறது. அங்கே ஒரு தாவரவியல் பூங்கா உண்டு. 1994இல் திறந்தார்கள். உலகின் மிக வடக்கில் இருக்கும் தாவரவியல் பூங்கா அதுதான். நுழைவுக் கட்டணம் இல்லை. பேராதனைப் பூங்காவை மனதில் வைத்துக்கொண்டு போனவனுக்கு முதலில் ஏமாற்றம். எங்கே பார்த்தாலும் கற்குவியல். கற்களுக்கிடையில் விரல் உயரச் செடிகள். கிட்டப் போய்க் குனிந்தால்தான் ஒவ்வொன்றிலும் பூ இருப்பது தெரியும்.

அந்தக் கற்களுக்கிடையில் மெல்லிய மயிர்த் தண்டில் மஞ்சள் பூ ஒன்று காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கடுதாசி போல நான்கு இதழ்கள். துருவப் பிரதேசத்துப் பொப்பி என்று மகள் பெயர்ப்பலகையை வாசித்துச் சொன்னாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் இருந்தது பூங்காவின் செடி அல்ல, கொப்பிக்குள்ளிருந்து நீண்ட அந்தத் தபாலட்டை.

"என்ன வாப்பா?" என்றாள்.

பூங்காவில் மனிதர்கள் நட்டு வளர்ப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இது தானாக முளைக்கிற இடத்தில் பார்க்க வேண்டும் என்றேன். அவளுக்கு முழுக்கதையையும் நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

அப்படித்தான் ஸ்வால்பார்ட் போனோம். நோர்வேயின் பெருநிலப்பரப்புக்கும் வடதுருவத்துக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கும் தீவுக் கூட்டம். ட்ரொம்சோவிலிருந்து விமானத்தில் ஒன்றே முக்கால் மணி நேரமளவு. நோர்வேக்குச் சொந்தமானதென்றாலும் ஷெங்கன் வலயத்துக்கு வெளியே இருப்பதால், என்னைப் போன்ற இலங்கைக் கடவுச்சீட்டுக்காரன் திரும்பி வருவதற்கு இரட்டை நுழைவு வீசா வேண்டும். மகள் அதை முன்கூட்டியே யோசித்து எடுத்து வைத்திருந்தாள்.

லோங்யியர்பியன் என்ற ஊரில் இறங்கினோம். வடக்கு 78 பாகை. ஏறத்தாழ 2,500 பேர் வாழும் ஊர். நிலக்கரிச் சுரங்கத்துக்காக உண்டான குடியிருப்பு. இப்போது சுற்றுலாவும் ஆராய்ச்சியும் பல்கலைக்கழக மாணவர்களுமாக இருக்கிறது. தங்குமிடத்தின் வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் கரித்தூளோடு உள்ளே வராமல் இருக்கத் தொடங்கிய பழக்கமாம். சப்பாத்துக் கழற்றிவிட்டு உள்ளே போவது எங்களுக்குப் புதிதல்ல. அந்நிய ஊரில் அது ஒன்றே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

*

ஊரின் எல்லையில் வெள்ளைக் கரடியின் உருவம் வரைந்த எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. அதற்கு அப்பால் கரடிக்குப் பாதுகாப்பு இல்லாமல் போகக்கூடாது. ஆகவே வழிகாட்டியாக ஓர் இளம்பெண் வந்தாள். தாவரவியல் படிப்பவள். தோளில் றைபிள். அவள் முன்னே நடக்க, நாங்கள் பின்னே நடந்தோம். துப்பாக்கி ஏந்தியவருக்குப் பின்னால் நடப்பது எங்கள் பகுதி மனிதர்களுக்குப் பழகிய விடயம்தான். பூப் பார்க்க அப்படி நடந்தது எனக்கு அதுவே முதல் தடவை.

ஊருக்கு அருகில் எண்டாலன் என்றொரு பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மேசை போல் தட்டையான உச்சி கொண்ட மலைகள், மடிப்புகளில் மிச்சப் பனி. தூரத்திலிருந்து பார்த்தால் நான் கரும்பலகையில் எழுதியதுதான் சரி. மண்நிறமும் பாசிநிறமும் தவிர வேறொன்றுமில்லை. ஒரு மரமும் இல்லை.

வழிகாட்டி நின்று ஏதோ சொன்னாள். மகள் சிரித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்: "வாப்பா, நீங்க இப்ப காட்டுக்கு மேல நிக்கிறீங்களாம்."

குனிந்து பார்த்தேன். சப்பாத்துக்கடியில் சின்ன விரல் நகமளவு வட்ட இலைகள், பாசிக்குள் புதைந்து. துருவ வில்லோ. உண்மையான வில்லோ இனம். தண்டும் கிளையும் நிலத்துக்குள்ளும் பாசிக்குள்ளும் ஓடுகின்றன. வெளியே தலைநீட்டுவது இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான். காற்று அறுத்துக்கொண்டு போகும் இடத்தில் உயர்ந்து நின்றால் வாழ முடியாது. நிலத்தை ஒட்டிய சில அங்குலத்தில் மட்டும் வெயிலின் சூடு தங்கும். அந்தச் சூட்டுக்குள் தன்னை அடக்கிக்கொண்டு வாழ்கிறது. 'மரமும் இல்ல' என்ற என்னுடைய வசனத்தின் முதற்பாதி அங்கேயே போயிற்று.

அதற்குப் பிறகு நான் நிமிர்ந்து நடக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் முழங்கால் சொன்னபடி கேட்காது. என்றாலும் ஒவ்வொரு பத்தடிக்கும் முழந்தாளிட்டேன். மகள் கையைப் பிடித்து எழுப்பிவிட்டுக்கொண்டே வந்தாள்.

கல் மேட்டில் வெள்ளைப் பூக்கள், நடுவில் மஞ்சள். எண்ணிப் பார்த்தேன், எட்டு இதழ்கள். டிரையாஸ் என்பது இதன் தாவரவியற் பெயர். அந்தப் பெயர் எனக்குத் தெரியும்! ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன்னர், பனிக்காலம் முடிந்து உலகம் சூடாகிக்கொண்டிருந்தபோது, வடபகுதிகளில் திடீரென்று மீண்டும் குளிர் வந்து ஆயிரம் வருடத்துக்கும் மேலாக நீடித்தது. அந்தக் காலத்தை 'இளைய டிரையாஸ்' என்பார்கள். ஐரோப்பாவின் பழைய ஏரிப் படிவுகளில் இந்தச் செடியின் இலைகள் அந்த மட்டத்தில் மீண்டும் கிடைத்ததால் வந்த பெயர். பல்கலைக்கழகப் பரீட்சையில் அதைப்பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். டிரையாஸ் என்பது பூக்கும் ஒரு செடியின் பெயர் என்று அந்த இரண்டு பக்கத்தில் எங்கோ எழுதியிருக்கவும் கூடும். எழுதியவன்தான் 'பூவும் இல்ல' என்றும் சொன்னான்.

கொஞ்சம் தள்ளி ஒரு கல்லை அணைத்துக்கொண்டு பச்சை மெத்தை போல ஒரு திரள். அதன் மேல் இளஞ்சிவப்புச் சிறுபூக்கள் ஒரு பக்கம் மட்டும் மலர்ந்திருந்தன. பாசி கம்பியன் என்று ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள். உண்மையில் பாசியல்ல. பந்து போல நெருங்கி வளர்வதால் உள்ளே காற்றுப் புகாது. வெயிலின் சூடு உள்ளேயே நிற்கும். தெற்குப் பக்கம்தான் முதலில் பூக்கும். ஆகவே வழி தவறியவருக்கு அது திசைகாட்டி. கையளவு அகலத்துக்கு வர ஆண்டுகள் பல எடுக்கும் என்றும், நூற்றாண்டுகள் வாழ்பவை உண்டென்றும் சொன்னாள். நான் தொட நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

சதுப்பான இடங்களில் பருத்தி வெடித்தது போல வெள்ளைக் குஞ்சங்கள். நோர்வே மொழியில் அதற்குப் 'பனிக் கம்பளி' என்று பொருள்படும் பெயர். ஸ்வால்பார்ட்டில் வருடம் முழுவதற்கும் விழுகிற மழையும் பனியும் சேர்த்து ஏறத்தாழ 200 மில்லிமீற்றர். எங்கள் கிழக்கில் மாரியில் ஒரே மாதத்தில் அதைவிடக் கூடப் பெய்துவிடும். கணக்குப்படி அது பாலைவனம் மாதிரி. அப்படியிருந்தும் சதுப்பு எப்படி? கீழே நிலம் உறைந்திருக்கிறது. கோடையில் மேலே ஏறத்தாழ ஒரு மீற்றர்தான் இளகும். இளகின தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கும். நிரந்தர உறைநிலம் என்று நான் எழுதிப்போட்ட இரண்டு சொற்கள்தான் இந்தப் பூக்களுக்குத் தண்ணீரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

பனி பிந்தி உருகிய ஒரு பள்ளத்தில் ஊதா நிறப் பூக்கள் கொஞ்சம் மிஞ்சியிருந்தன. சக்ஸிபிராகா, கல்லை உடைப்பது என்று லத்தீனில் அர்த்தம். பனி விலகியதும் முதலாவதாகப் பூப்பது இதுதான். கனடாவின் நூனவுட் ஆட்புலம் இதைத் தன்னுடைய மலராக வைத்திருக்கிறது. கிரீன்லாந்துக்கு வடக்கே 83 பாகைக்கும் மேலே, கஃபெக்லுப்பன் என்ற சின்னத் தீவில்கூட இதைக் கண்டிருக்கிறார்கள். பனி போன சில நாட்களில் எப்படிப் பூக்க முடிகிறது என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் இன்றைக்கும் என்னோடு இருக்கிறது. மொட்டு இந்த வருடத்தில் உண்டாவதில்லை. போன கோடையிலேயே உருவாகி, குளிர்காலம் முழுவதும் இருட்டில் பனிக்கடியில் காத்திருக்கும். வெளிச்சம் வந்ததும் விரிய வேண்டிய வேலை மட்டும்தான் மிச்சம்.

ஸ்வால்பார்ட்டில் பூக்கும் தாவரங்கள் 170க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஒரே கோடையில் முளைத்துப் பூத்துக் காய்த்து முடிக்கிறவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவையெல்லாம் வருடக்கணக்கில் பொறுத்திருந்து வாழ்பவை. சில, விதையை நம்புவதே இல்லை. பிஸ்டோர்ட் என்ற ஒரு செடியின் தண்டில் மேலே சில வெள்ளைப் பூக்கள், கீழே சிவந்த சின்னக் குமிழ்கள். குமிழ் விழுந்த இடத்தில் அதுவே செடியாகிவிடும். கோடை கைவிட்டாலும் சந்ததி கைவிடாது.

*

பள்ளத்தாக்கில் ஓரிடத்தில் ஒளி ஊடுருவும் தகடுகளால் ஆறு பக்கமாக அடைத்து, மேலே திறந்தபடி விட்ட சிறு கூண்டுகள் நின்றன. காற்றைத் தடுத்து, உள்ளே ஒன்றிரண்டு பாகை சூட்டைக் கூட்டும் கூண்டுகள். உலகம் சூடானால் இந்தத் தாவரங்களுக்கு என்ன நடக்கும் என்று பார்ப்பதற்காக 1990இல் தொடங்கிய சர்வதேச துந்திராப் பரிசோதனை முறையைச் சேர்ந்தவை. வடதுருவத்தைச் சுற்றிப் பல நாடுகளில் இதே கூண்டுகள் இருக்கின்றன.

எனக்கு ஒரு கேள்வி வந்தது. கேட்பதா விடுவதா என்று யோசித்தேன். படித்த பிள்ளைக்கு முன்னால் மடத்தனமாக இருக்குமோ என்று தோன்றியது. பிறகு கேட்டேன். "குளிர்தானே இதுகளுக்குக் கஷ்டம்? சூடு கூடினால் நல்லதுதானே?"

அவள் சிரிக்கவில்லை. றைபிளை இறக்கிக் கல்லில் சாய்த்துவிட்டுக் குந்தினாள். நல்ல கேள்வி, எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி என்றாள். பக்கத்தில் மணி போன்ற வெள்ளைப் பூக்கள் பூக்கும் ஒரு சிறு புதரைக் காட்டினாள். அதில் பாதி கருகிக் கிடந்தது. தீயில்லை, குளிரும் இல்லை, மழை. நடுக்குளிர்காலத்தில் பனி விழ வேண்டிய இடத்தில் மழை பெய்கிறது. அது உடனே உறைந்து நிலத்தின் மேல் பனிக்கட்டி ஓடாகிவிடுகிறது. பனி என்றால் போர்வை, செடியை மூடிக் காக்கும். பனிக்கட்டி அப்படியில்லை. துருவ மான்களுக்கும் அந்த ஓட்டை உடைத்து மேய முடியாமல் போகிறது.

கோடையும் மாறிவிட்டது. ஜூலை மாதச் சராசரி வெப்பம் ஒரு காலத்தில் 6 பாகைக்குக் கிட்ட இருந்தது, இப்போது 7. 2020 ஜூலையில் ஒரு நாள் 21.7 பாகை வரை போனது. அந்த இடத்தில் அதற்கு முன்னர் அப்படிப் பதிவானதில்லை. எங்களுக்கு அது நுவரெலியாக் குளிர். அங்கே அது அனல். பனி முந்தி உருகினால் பூ முந்திப் பூக்கும். பூவைத் தேடி வரும் ஈக்கள் அதே கணக்கில் வருமா என்பது வேறு விடயம். வடகிழக்குக் கிரீன்லாந்தில் சக்கன்பேர்க் என்ற இடத்தில் 1996 முதல் எண்ணி வருகிறார்கள். பூக்கும் காலம் சுருங்கியிருக்கிறது, பூவுக்கு வரும் ஈக்களும் குறைந்திருக்கின்றன. அத்தோடு, சூடு கூடுகிற இடத்தில் உயர்ந்து வளரும் புற்களும் புதர்களும் இந்தக் குள்ளச் செடிகளுக்கு வெயிலை மறைத்துவிடும். குனிந்து வாழப் பழகியதற்கு நிழல்தான் எதிரி.

எழும்பும்போது ஒரு மஞ்சள் இதழையாவது கொண்டுபோகலாமா என்று மகளிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் கேட்காமலே மறுத்தாள். அங்கே பூப் பறிப்பது சட்டப்படி குற்றம். 2001இல் இயற்றிய சட்டம். எல்லாத் தாவரங்களுக்கும் பாதுகாப்பு.

*

அந்த ஊரில் ஏப்ரல் 20ஆம் திகதியளவில் எழும்பும் சூரியன் ஓகஸ்ட் 23 வரை மறைவதில்லை. தொழுகையை மணிக்கூட்டைப் பார்த்து, கணக்கு வைத்துத் தொழுதோம். நித்திரை மட்டும் கணக்குக்குள் வரவில்லை. இரண்டாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு மகளிடம் சொல்லிவிட்டு வெளியே இறங்கினேன். ஊர் எல்லைக்குள்ளேயே, கடற்கரைப் பக்கமாகப் போகும் பாதையோரச் சல்லியில், பகலிலேயே கண்டு வைத்த பொப்பிச் செடி ஒன்று இருந்தது. யாரும் நட்டதல்ல. வெள்ளைப் பூ இரண்டு, மஞ்சள் பூவோடு வேறொரு செடி பக்கத்தில்.

பகல் ஒரு மணிக்குப் பார்த்தபோது மஞ்சள் பூ தெற்கே முகம் காட்டி நின்றது. சூரியன் 33 பாகை உயரத்தில். இரவு ஒன்பதுக்கு மேற்கைத் தாண்டி வடமேற்கை நோக்கியிருந்தது. நான் ஒரு கல்லில் குந்தினேன். பூ பார்க்கும் திசையில் ஒரு சின்னக் கல்லை வைத்தேன். பத்து மணிக்கு ஒரு கல், பதினொரு மணிக்கு ஒரு கல். மேகமில்லாத இரவு. அங்கே கோடைக்கால மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னே ஓடுவதால் சூரியன் நேர் வடக்கே வருவது நள்ளிரவு ஒரு மணிக்கு. அந்நேரம் அது நுழைகழிக்கு மேலே பத்துப் பாகை உயரத்தில் நின்றது. பூவும் அதையே பார்த்துக்கொண்டு நின்றது. என்னுடைய கற்கள் ஒரு வளைவாகக் கிடந்தன.

வட்டில் போன்ற அந்த இதழ்கள் வெயிலை வாங்கி நடுவிலே குவிக்கின்றன. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் ஹேசன் ஏரிக்கரையில் பீற்றர் கெவன் என்பவர் இதை அளந்து 1975இல் எழுதியிருக்கிறார். பூவுக்குள் வெளியைவிடச் சில பாகை சூடு கூட. அந்தச் சூட்டில் விதை முற்றும், பூச்சிகளும் வந்து குளிர் காயும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஓர் ஈ வந்து இறங்கி, நடுவில் அசையாமல் இருந்தது. நெடுநேரம் இருந்தது. எனக்குக் கையும் காதும் விறைத்துப்போயிருந்தன. அந்த ஈக்கு என்னைவிடச் சொகுசு.

பிளாஸ்டிக் பூ சூரியனைப் பார்த்துத் திரும்பாது. ஒரு பையன் முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னர் எழும்பி நின்று உண்மையைச் சொன்னான். நான் அவனை இருத்திவிட்டேன். புத்தகத்தில் குறுஞ்செடிகள் என்று இருந்தது. செடி என்றால் பூக்குமே என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் சிரிப்புக்குக் கொடுத்துவிட்டேன்.

கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். மகள் விழித்திருந்தாள். அப்போதுதான் அவளுக்கு முழுக்கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவர் இப்ப எங்க வாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

*

அவர் எங்கே என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீற்றரில் பிரதான வீதியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையைத் தாண்டித்தான் பல வருடங்கள் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன்.

ஊருக்கு வந்த இரண்டாம் கிழமை ஒரு பின்னேரம் போனேன். தலை நரைத்து, முகத்தில் பழைய பையன் கொஞ்சம் மிச்சமாக இருந்தான். தண்ணீர் பேசினில் டியூப்பை அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "வாங்க சேர், இரிங்க சேர்" என்று ஸ்டூலைத் தட்டிப் போட்டார். சைக்கிள் இல்லாமல் வந்த என்னைக் கொஞ்சம் விநோதமாகத்தான் பார்த்தார்.

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நேரே கேட்டேன். "ஒங்கட மாமா அனுப்பின ஒரு படம். பூப் படம். ஞாபகம் இரிக்கா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஓம் சேர். எப்படி மறக்கிற? கலியாணத்து அன்டும் கூட்டாளிமார் அந்தப் பேரச் சொல்லித்தான் பகிடி பண்ணினாங்க." சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "அதுக்குப் பொறகு வகுப்பில நான் கேள்வி கேட்கிறல்ல சேர். படம் சுனாமியோட போயிட்டு."

அந்தப் பூ உண்மை என்றேன். நான் சொன்னது பிழை, வகுப்புக்கு முன்னால் சொன்ன பிழை, மன்னிக்க வேண்டும் என்றேன். வகுப்பைத் திரும்பக் கூட்ட முடியாது, ஆகவே இங்கே வந்தேன் என்றேன். "என்ன சேர் இதுக்கெல்லாம்" என்று அவர் பதறினார். கைபேசியைக் கொடுத்தேன். கிறீஸ் படிந்த விரலைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். படத்தைப் பெரிதாக்கி, சல்லிக்கற்களையும் மயிர்த் தண்டையும் மஞ்சள் இதழையும் உள்ளே இருந்த ஈயையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். 1989இல் நான் பார்க்காத மாதிரிப் பார்த்தார்.

"இதே பூதான் சேர்" என்றார். பிறகு, தலையை நிமிர்த்தாமலே, "சேர், அந்தக் குளிருக்குள்ள இது எப்படிச் சேர் பூக்குது?" என்று கேட்டார்.

ஸ்டூலைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். போன கோடையிலேயே மொட்டு வைத்துக் காத்திருப்பதைப் பற்றிச் சொன்னேன். நிலத்தை ஒட்டிய சூட்டைப் பற்றி, கீழே உறைந்த நிலம் தண்ணீரைத் தாங்கி நிற்பதைப் பற்றி, நள்ளிரவில் வடக்கே திரும்பிய பூவைப் பற்றி, நான் வைத்த கற்களைப் பற்றிச் சொன்னேன். இடையிடையே அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தெரிந்ததற்குப் பதில் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை அந்த டியூப் பேசினுக்குள்ளேயே கிடந்தது.